நல்ல தண்ணி ஊற்றிய வண்டி

போன வாரம் சேகர் போன் செய்தான். ஒரு காலத்தில் எங்கள் பட்டறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன், இப்போது வேறொரு மின்சாரக் கார் ஷோரூமில் சர்வீஸ் மேனேஜர். நலம் விசாரித்தான், என் முட்டிவலியை விசாரித்தான், பிறகு விஷயத்துக்கு வந்தான். ஒரு வாடிக்கையாளருக்கு வாரண்டி கிடையாது என்று கடிதம் எழுத வேண்டுமாம்.

"நீங்க எழுதுவீங்களேண்ணே, படிக்கிறவங்களுக்குக் கோவமே வராத மாதிரி. அந்த மாதிரி ஒண்ணு சொல்லுங்க, டைப் பண்ணிக்கிறேன்" என்றான்.

என்ன பழுது என்று கேட்டேன். சர்வீசுக்கு வந்த வண்டியைக் கழுவும்போது, இவர்கள் ஆளே அடிப்பக்கத்தில் பிரஷர் தண்ணீரை அடித்து, பேட்டரி இணைப்புக்குள் தண்ணீர் போய்விட்டது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாடிக்கையாளர் மழை வெள்ளத்தில் ஓட்டியதாக வைத்துக்கொள்ளலாம் என்று மேலே சொல்கிறார்களாம். இதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு தடங்கலும் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்து என்னை எதற்காக நினைவு வைத்திருக்கிறார்கள் பாருங்கள். காதால் கேட்டே என்ஜின் கோளாறைச் சொல்வான் தனபால் என்பதற்காக இல்லை. மறுப்புக் கடிதம் அழகாக எழுதுவான் என்பதற்காக.

அழகாகத்தான் எழுதினேன். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். எனக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி. அப்பா தலையில் அடித்துக்கொண்டு ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் சேர்த்துவிட்டார். படகு என்ஜின், பம்ப்செட், லாரி என்று பதினைந்து வருஷம் கிரீசில் கிடந்தேன். பிறகு காரைக்காலில் ஒரு கார் ஷோரூமின் பட்டறையில் சூப்பர்வைசர் ஆனேன். கையெழுத்து நன்றாக இருந்ததாலும், கொஞ்சம் ஆங்கிலம் எழுத வந்ததாலும் வாரண்டிக் காகிதங்கள் என் மேஜைக்கு வந்து சேர்ந்தன. கிரீசிலிருந்து பேனாவுக்கு மாறியதை அன்று பெரிய உயர்வாக நினைத்தேன்.

2007 வாக்கில் எங்கள் முதலாளி ஒரு மின்சாரக் காருக்கும் ஏஜென்சி எடுத்தார். இரண்டு கதவு வைத்த குட்டி வண்டி. முன்சீட்டுக்கு அடியில் எட்டு பேட்டரி. இன்றைய வண்டிகளில் இருப்பது போன்ற மூடிய பேட்டரி இல்லை, இன்வெர்ட்டருக்கு வைப்பது போல அமிலம் ஊற்றிய பேட்டரி. மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் நிரப்ப வேண்டும். ஒரு முறை சார்ஜ் செய்தால் எண்பது கிலோமீட்டர் என்று விளம்பரத் தாளில் அச்சடித்திருந்தார்கள். எங்கள் ஊரில் மொத்தம் நாலு பேர் வாங்கினார்கள். அதில் மூன்று பேருக்கு அது இரண்டாவது வண்டி. லூர்துமேரி டீச்சருக்கு மட்டும்தான் அது கால்.

அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. டீச்சருக்குச் சிறு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. நெரவியில் வீடு. இருபது வருஷத்துக்கு மேல் காரைக்கால் டவுனில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தவர். அவரைப் பூவம் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். நெரவி தெற்கே, பூவம் வடக்கே, நடுவில் டவுன். போய்வர இருபது கிலோமீட்டருக்கு மேல். பஸ் படி ஏற முடியாது. வேறு கார் என்றால் கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும். இந்த வண்டியில் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. வலது கால் ஒன்று போதும். எட்டே நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டார். சாவியை வாங்கும்போது, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் எதிர்பார்க்காமல் வேலைக்குப் போகப்போவதாக என்னிடம் சொன்னார்.

ஜனவரியிலிருந்து மூன்று மாதம் வண்டி பிரமாதமாக ஓடியது. ஏப்ரல் கடைசியில் சர்வீசுக்கு வந்தது. அன்று பட்டறையில் டிஸ்டில்டு வாட்டர் இல்லை. புதுச்சேரி தலைமை அலுவலகத்திலிருந்து வரவேண்டிய கேன் வரவில்லை. கடைத்தெருவில் எந்த பேட்டரிக் கடையிலும் கிடைக்கும். ஆனால் வெளியில் வாங்கினால் ஏன் வாங்கினோம் என்று தலைமை அலுவலகத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். எங்கள் மேனேஜர் கோவிந்தராஜனுக்கு விளக்கம் எழுதுவது பிடிக்காது. நான் போய்க் கேட்டதற்கு, தலையைத் தூக்காமல், "ரெண்டு நாள்ல வந்துடும் தனபால். அதுவரைக்கும் சமாளிங்க" என்றார்.

இந்த 'சமாளிங்க' என்ற சொல்லைப் போல ஒரு அயோக்கியச் சொல்லை நான் கண்டதில்லை. உத்தரவு போட்டது போலவும் இருக்கும், போடாதது போலவும் இருக்கும். நாளைக்கு ஏதாவது ஆனால் சமாளித்தவன் தலையில் விடியும்.

சேகர் வந்து எதை ஊற்றுவது என்று கேட்டான். எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டே வகை. உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. பட்டறை போரில் வருவது உப்புத் தண்ணி. குடிக்க வாங்கி வைத்திருந்த கேனில் இருப்பது நல்ல தண்ணி. கடற்கரையில் பிறந்தவன் நான். தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று நாக்கில் வைத்தால் சொல்லிவிடுவேன். எங்கள் தெருவில் புதிதாக போர் போட்டால் என்னைத்தான் கூப்பிட்டுக் குடித்துப் பார்க்கச் சொல்வார்கள். கேனிலிருந்து ஒரு வாய் குடித்தேன். துளி உப்பில்லை. "நல்ல தண்ணியே ஊத்துடா" என்றேன். மினரல் வாட்டர் என்று லேபிளே ஒட்டியிருந்தது. விலை கொடுத்து வாங்கிய தண்ணீர் வேறு. பேட்டரிக்கு ராஜ உபசாரம் செய்வதாகத்தான் நினைத்தேன்.

எட்டு பேட்டரி, ஒன்றுக்கு மூன்று அறை, ஆக இருபத்து நாலு அறைகளிலும் சேகர் நல்ல தண்ணி ஊற்றினான். ஜாப் கார்டில் நான் 'தண்ணீர் நிரப்பப்பட்டது' என்று எழுதினேன். டிஸ்டில்டு என்ற சொல்லை எழுதவில்லை. கை தானாகவே தவிர்த்துவிட்டது.

ஜூனில் பள்ளி திறந்தது, பழுதும் ஆரம்பித்தது. காலையில் முழு சார்ஜில் கிளம்பினால், சாயங்காலம் திரும்பி வரும்போது அரசலாற்றுப் பாலத்து ஏற்றத்தில் வண்டி மூச்சை விட்டுவிடும். முதல் தடவை, மீன் இறக்கிவிட்டு வந்த ஒரு லோடு ஆட்டோக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் வாசலில் விட்டார். டீச்சர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். புடவை முழுக்க மீன் தண்ணீர் தெறித்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், எத்தனையாவது கிலோமீட்டரில் சார்ஜ் மீட்டர் எவ்வளவு காட்டியது என்பதை மட்டும் சொன்னார்.

கம்பெனி கொடுத்த புத்தகத்தில் சோதனை முறை தெளிவாக இருக்கிறது. சீட்டைக் கழற்று. இருபத்து நாலு அறையிலும் ஹைட்ரோமீட்டர் வைத்து அமிலத்தின் அடர்த்தியை எடு. அட்டவணையில் எழுது. பாரத்தோடு வண்டியை ஓட்டி, தீரும் வரை பார். இதற்கு ஒரு நாள் ஆகும். நாங்கள் செய்தது வேறு. ஒரு ராத்திரி சார்ஜில் போடுவோம். காலை வெயில் ஏறுவதற்கு முன், ஒற்றை ஆள் உட்கார்ந்து, மேடு பள்ளம் இல்லாத ரோட்டில் எட்டு கிலோமீட்டர் ஓட்டுவான். பாலம் வருவதற்கு முன்பே திரும்பிவிடுவான். மீட்டர் முக்கால் காட்டும். நான் ஜாப் கார்டை எடுத்து, மேஜையில் தயாராக இருந்த ரப்பர் ஸ்டாம்பைக் குத்துவேன். 'பழுது காணப்படவில்லை.'

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆறு தடவை குத்தினேன். ஆறு தடவையும் வண்டி பாலத்தில் நின்றது.

ஒவ்வொரு தடவையும் டீச்சரை மேனேஜர் அறையில்தான் உட்காரவைப்போம். கோவிந்தராஜன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எழுந்து நின்று வணக்கம் சொல்வார். டீ சொல்வார். வாடிக்கையாளர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்பார், கேட்டுக்கொண்டே டைரியில் எழுதுவார். முடிந்ததும் பேனா மூடியை டக்கென்று போட்டு, "நோட் பண்ணிட்டேன் மேடம்" என்பார். அந்த மூடிச் சத்தம்தான் எழுந்து போகலாம் என்பதற்கு அடையாளம். சத்தம் போட வந்தவர்கள்கூடக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்த டைரியை அவர் திரும்பப் புரட்டி நான் கண்டதே இல்லை. இப்படி ஒருவரிடம் வேலை கற்றுக்கொள்ளக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தவன் நான். செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

டீச்சரும் எழுதினார். பிளஸ் டூ பிள்ளைகள் உப்பு ஆய்வுக்கு வைத்திருக்கும் ரெக்கார்டு நோட்டு ஒன்றில் கோடு போட்டு, சோதனை, காண்பது, அறிவது என்று மூன்று பத்தி பிரித்திருந்தார். சார்ஜ் போட்ட நேரம், ஓடிய தூரம், நின்ற இடம் எல்லாம் முதல் இரண்டு பத்தியில் இருந்தன. மூன்றாவது பத்தியை வெறுமையாக விட்டிருந்தார். ஏழாவது தடவை அந்த நோட்டை என் மேஜையில் வைத்து, "இத மட்டும் நீங்க எழுதுங்க தனபால் சார். என்னால சீட்டத் தூக்க முடியாது, உள்ள என்ன இருக்குன்னு தெரியாது" என்றார். வண்டி பட்டறையில் நின்ற காலைகளில் ஆட்டோ தேடி, முதல் பீரியடுக்கு அவர் நேரத்துக்கு வராததால் பிளஸ் டூ வகுப்பை வேறொருவருக்குக் கொடுக்கப் போவதாக மெமோ வந்திருந்தது. அதையும் நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தார்.

அன்றுதான் எனக்கு உறைத்தது. மேனேஜர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து சீட்டைக் கழற்றி, புத்தகத்தில் சொன்னபடி இருபத்து நாலு அறையிலும் அளந்தேன். முழு சார்ஜில் ஆயிரத்து இருநூற்று அறுபதுக்கு மேல் காட்ட வேண்டிய இடத்தில் ஆயிரத்து நூற்று எழுபதுக்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. கணக்கைக் கம்பெனிக்கு அனுப்பினேன். அக்டோபரில் அவர்களுடைய இன்ஜினியர் வந்தார். ஒரு பேட்டரியிலிருந்து அமிலம் எடுத்துப் போய்ச் சோதித்துவிட்டு மறுபடி வந்து, "தண்ணி கெட்ட தண்ணி. யார் ஊத்துனது?" என்று கேட்டார்.

அறையில் நாங்கள் மூன்று பேர். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிஷமாவது கிடைத்திருக்கும். ஏப்ரலில் ஊற்றச் சொன்ன அந்தக் கேன் தண்ணீர் நினைவுக்கு வந்தது. மேனேஜர் மெதுவாக, "வீட்ல ஏதாவது ஊத்தியிருப்பாங்க சார்" என்றார். இன்ஜினியர் எழுதிக்கொண்டார்.

கடிதம் எழுதும் வேலை எனக்கு வந்தது. இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். 'தங்கள் வாகனத்தின் பேட்டரிகளில் தகுதியற்ற நீர் ஊற்றப்பட்டிருப்பது ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது. எனவே வாரண்டி விதிகளின்படி தங்கள் கோரிக்கை ஏற்கப்பட இயலாத நிலையில் உள்ளது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' ஊற்றப்பட்டிருப்பது, கண்டறியப்பட்டுள்ளது, ஏற்கப்பட இயலாதது. தேடிப் பாருங்கள், அதில் ஒரு மனுஷன் கிடைப்பானா? தண்ணீர் தானே நடந்து போய்ப் பேட்டரிக்குள் இறங்கியது போல எழுதியிருந்தேன். மேனேஜர் படித்துவிட்டு, பிரமாதம் என்றார். எனக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாரத்தில் டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் கடிதமும் ஒரு துணிப்பையும். மேனேஜர் எழுந்து வணக்கம் சொல்லி, டீ சொன்னார். டீ வேண்டாம், ஒரு கிளாஸ் தண்ணீர் போதும் என்றார் டீச்சர். சேகர் கேனிலிருந்து பிடித்து வந்து கொடுத்தான். டீச்சர் குடிக்கவில்லை. பையிலிருந்து இரண்டு சோதனைக்குழாய்களை எடுத்து, ஒன்றில் எங்கள் தண்ணீரையும் மற்றதில் பள்ளி ஆய்வகத்து டிஸ்டில்டு வாட்டரையும் ஊற்றினார். பழுப்பு நிறக் குப்பி ஒன்றைத் திறந்து இரண்டிலும் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டார். அவர் குழாய் கண்ணாடி போலத் தெளிவாகவே இருந்தது. எங்கள் குழாயில் வெள்ளையாகத் திரண்டு இறங்கியது.

"தயிர் மாதிரி வெள்ளை வீழ்படிவு. குளோரைடு இருக்குன்னு அர்த்தம். எங்க புள்ளைங்க தூக்கத்துல கேட்டாலும் சொல்லும்" என்றார். பிறகு கேனின் லேபிளைக் காட்டி, "பேர்லயே மினரல்னு போட்டிருக்கே தனபால் சார். நாக்குக்குத் தெரியாது, பேட்டரிக்குத் தெரியும். தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு உள்ளயேதான் கெடக்கும்" என்றார்.

மேனேஜர் டைரியில் எழுதிக்கொண்டிருந்தார். டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்து, "ஏப்ரல் மாசம் என் வண்டிக்குத் தண்ணி ஊத்துனது யாரு?" என்று கேட்டார்.

சேகர் வாசற்படியில் கிளாசோடு நின்றான். ஊற்றச் சொன்னவன் நான். ஸ்டாக் புத்தகத்தில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் டிஸ்டில்டு வாட்டருக்கு நேரே 'இல்லை' என்று எழுதியவனும் நான். நான் சொன்ன பதில் இதுதான்: "ரெக்கார்டப் பாத்துச் சொல்றேன் டீச்சர்."

பேனா மூடி டக்கென்று விழுந்தது. "நோட் பண்ணிட்டேன் மேடம்" என்றார் மேனேஜர்.

டீச்சர் போனபின் மேஜையைத் துடைத்தேன். சில்வர் நைட்ரேட் சிந்தியிருந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் இரண்டு விரல் நுனி கறுத்துப்போயிற்று. சோப்புக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. தோல் உரிந்து தானாகப் போக இரண்டு வாரம் ஆயிற்று. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தக் கை கண்ணில் பட்டது.

நவம்பர் மழையில், ஆட்டோ கிடைக்காத ஒரு காலையில், நெரவி நிறுத்தத்தில் பஸ் ஏறப்போன டீச்சர் படியில் சறுக்கி விழுந்தார். ஊன்றுகோல் பிடிக்கிற கையில் எலும்பு முறிவு. சேதி எனக்கு டிசம்பரில்தான் தெரிந்தது. அன்றே ஸ்டாக் புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையோடு வந்து கதவைத் திறந்தார். நகலைப் படித்தார். ரெக்கார்டு நோட்டை எடுத்து வந்து, மூன்றாவது பத்தியைத் திறந்து என் முன்னால் வைத்தார். 'ஏப்ரல் சர்வீசில் குடிதண்ணீரை ஊற்றச் சொன்னவன் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் அழகான கையெழுத்து அன்று கோணலாகத்தான் வந்தது.

அந்தப் பக்கத்தை அவர் கம்பெனிக்கு நேரே அனுப்பினார். மார்ச்சில் எட்டு புதிய பேட்டரிகளும் வந்து இறங்கின. என்னை மேனேஜர் கூப்பிட்டு, வருத்தமாக, "சமாளிச்சிருக்கலாமே தனபால்" என்றார். என் வேலை போகவில்லை. வாரண்டி மேஜையிலிருந்து மறுபடி கிரீசுக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். ஆறு மாதமாக நான் பயந்து செத்ததெல்லாம் இதற்குத்தான்.

பேட்டரி மாட்டிய வண்டியை நானே நெரவிக்கு எடுத்துப் போனேன். டீச்சர் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அரசலாற்றுப் பாலத்தில் வண்டி திணறாமல் ஏறியது. உச்சியில் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே, "ஏறிடுச்சு தனபால் சார். இப்ப நான் எங்க போறது?" என்றார். ஜனவரியிலேயே அவர் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிளஸ் டூ வகுப்பு போயிருந்தது, லீவெல்லாம் தீர்ந்திருந்தது, அப்போது கையும் சரியாகக் கூடியிருக்கவில்லை. ஓய்வு உத்தரவும் வந்துவிட்டது. பாலத்திலிருந்து வண்டியைத் திருப்பி, வீட்டுக்கே ஓட்டி வந்தார்.

சேகரை மறுநாள் காலையில் நானே கூப்பிட்டேன். பேப்பர் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "'உங்கள் வண்டியைக் கழுவும்போது எங்கள் ஆள் தவறாகத் தண்ணீர் அடித்ததால் பழுது ஏற்பட்டது. நாங்களே சரிசெய்து தருகிறோம்.' இவ்வளவுதான் எழுது" என்றேன்.

"இப்படி எழுதுனா என் வேலை போயிடும்ணே" என்றான்.

"அன்னைக்கு எனக்கும் அந்தப் பயம்தான்டா சேகர். நீயும்தான் கிளாசப் புடிச்சிக்கிட்டு நின்ன. கடைசில போனது டீச்சர் வேலைதான்" என்றேன்.